புது வண்டி, முதல் பழுது: நிரூபிக்க வேண்டியவர் யார்?

2009 செப்டம்பர் 25 அன்று, ஒன்றுபட்ட ஆந்திரத்தில் ஒரு நிறுவனம் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் கார் ஒன்றை வாங்கியது. நான்காம் நாளே ஓட்டத்தில் கோளாறு தெரிந்தது. வண்டி பட்டறைக்குப் போய்த் திரும்பியது. நவம்பர் 13 அன்று அதே தொல்லை மறுபடியும் வந்தது. மூன்று நாள் கழித்து, ஏமாற்றிவிட்டதாகக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. 2012இல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. ஆனால் பழைய காருக்குப் பதிலாகப் புதிய கார் தரவேண்டும் என்றும் உத்தரவிட்டது. பி.எம்.டபிள்யூ. தர முன்வந்தது, வாங்கியவர் ஏற்கவில்லை. கடைசியில் 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் கொடுத்து முடித்துக்கொள்ளச் சொன்னது.

நான்கு நாளில் தெரிந்த பழுதுக்குப் பதினைந்து ஆண்டில் தீர்வு. வாங்கியவர் வசதி படைத்தவர், விற்றவர் உலகப் பெயர் பெற்றவர். அப்படியிருந்தும் இத்தனை காலம். மாதத் தவணையில் எட்டு லட்சம் ரூபாய் கார் வாங்கிய ஒருவருக்கு முதல் மாதமே கியர் விழவில்லை என்றால் அவர் கதி என்ன? அவருக்குச் சட்டம் என்ன தருகிறது, எங்கே கைவிடுகிறது, அவரே செய்துகொள்ள வேண்டியது என்ன? இந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

புதிது ஏன் பழுதாகிறது?

புதிய பொருள் பழுதாகாது என்பது நம் பொது நம்பிக்கை. பொறியியல் வேறு கணக்குச் சொல்கிறது. எந்த இயந்திரத்திலும் பழுது வரும் வாய்ப்பைக் காலத்தோடு வைத்து வரைந்தால், கோடு தொடக்கத்தில் உயர்ந்து நிற்கும். பிறகு தாழ்ந்து நெடுநாள் சமமாகப் போகும். தேய்மானம் கூடும் கடைசிக் காலத்தில் மறுபடி ஏறும். குளியல் தொட்டியின் பக்கவாட்டு வடிவம் என்பதால் அதற்குத் தொட்டி வளைகோடு என்றே பெயர். முதல் சரிவில் நடப்பவைதான் தொடக்கப் பழுதுகள்.

இவற்றின் காரணங்கள் பல. பூட்டும்போது நேரும் பிழை ஒன்று: ஒரு கிளாம்ப் இறுகவில்லை, ஒயர் சாக்கெட் முழுதாக உட்காரவில்லை, போல்ட்டுக்கு உரிய முறுக்கு விசை தரப்படவில்லை. வண்டி சில நூறு கிலோமீட்டர் அதிர்ந்ததும் அது வெளியே வருகிறது. சப்ளையர் அனுப்பிய ஒரு தொகுதி உதிரிபாகமே சோடையாக இருப்பது இரண்டாவது. மூன்றாவது, ஆலைக்கும் ஷோரூமுக்கும் இடையே நடப்பது: மாதக்கணக்கில் யார்டில் வெயிலிலும் மழையிலும் நின்றதில் பேட்டரி வடிந்திருக்கும், டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும். வடிவமைப்பிலேயே உள்ள கோளாறு நான்காவது. கட்டுப்பாட்டு மென்பொருளில் உள்ள பிழை இப்போது ஐந்தாவதாகச் சேர்ந்துவிட்டது.

எல்லாப் பழுதும் முதல் மாதத்திலேயே தலைகாட்டிவிடுவதில்லை. ஹோண்டா கார்களின் எரிபொருள் பம்ப்பை எடுத்துக்கொள்ளலாம். பம்ப்புக்குள் சுழலும் பிளாஸ்டிக் சக்கரத்தின் அடர்த்தி போதாததால் அது பெட்ரோலை உறிஞ்சி ஊதிக்கொண்டது. சுற்றுச்சுவரில் உரசி நின்றது. ஓடும்போதே என்ஜின் அணையும் அபாயம் வந்தது. இந்தியாவில் 2018இல் தயாரான 65,651 கார்களை 2020இல் நிறுவனம் திரும்ப அழைத்தது. 2024இல் மேலும் 90,468 கார்களுக்கு அழைப்பு விடுத்தது. அமெரிக்காவில் ஹூண்டாய் 2015இல் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், கிராங்க் ஷாஃப்ட்டைக் கடையும்போது எண்ணெய் வழிகளில் தங்கிவிட்ட உலோகத் துகள். விதை ஆலையில் விழுந்தது. முளைத்தது சாலையில், ஆண்டுகள் கழித்து.

இதிலிருந்து ஒரு பாகுபாடு கிடைக்கிறது. ஒரு வண்டிக்கு மட்டும் நேர்ந்த பழுது வேறு. ஒரு தொகுதிக்கே பொதுவான பழுது வேறு. முதலாவதைப் பெரும்பாலும் ஒரு பாகத்தை மாற்றித் தீர்த்துவிடலாம். இரண்டாவதில், மாற்றிப் போடும் பாகமும் அதே தொகுதியைச் சேர்ந்ததாக இருக்கலாம். மூன்று முறை கிளட்ச் மாற்றியும் அதிர்வு போகவில்லை என்றால் அந்தப் பட்டறையைத் திட்டிப் பயனில்லை.

'அப்படித்தான் சார் இருக்கும்'

புது வண்டியோடு சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர் கேட்கும் பதில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'புது வண்டி சார், ஓட ஓட செட் ஆயிடும்.' 'இந்த மாடல்ல அப்படித்தான் இருக்கும்.' 'நாங்க ஓட்டிப் பார்த்தோம், ஒண்ணும் தெரியலையே.' 'பெட்ரோல் எங்க போட்டீங்க?' 'நீங்க கிளட்ச்ல கால் வைச்சே ஓட்டுறீங்க.'

இவை எல்லாமே பொய்யில்லை என்பதுதான் சிக்கல். 2014இல் மாருதி செலேரியோ வழியாக இங்கே பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. கியரில், கியர் மாறும் நொடியில் வண்டி லேசாகத் தலையசைப்பது அதன் இயல்பு. அதில் கிளட்ச்சை மிதிக்கும் வேலையைக் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் செய்கிறது. அந்த இடைவெளியில் இழுவை விடுபட்டுத் திரும்புகிறது. பி.எஸ்.6 டீசல் வண்டிகளின் கதையும் இதுதான். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த இந்த வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து தீர, வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் நல்ல வேகத்தில் ஓடவேண்டும். தினமும் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை நெரிசலில் ஊர்ந்து திரும்புகிறவருக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. எச்சரிக்கை விளக்கு எரியும். வண்டியில் குறையில்லை. உங்கள் ஓட்டத்துக்கு டீசல் ஒத்துவராது என்பதை விற்கும்போது சொல்லாமல் விட்டது குறை.

அதே பதில்கள் உண்மைப் பழுதை மறைக்கும் திரையாகவும் ஆகின்றன. இதற்கு நீதிமன்ற ஆவணமாகவே சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் கியர்பெட்டி வண்டிகள் குலுங்குவதாக வாங்கியவர்கள் புகார் செய்தார்கள். நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று பலருக்கும் பதில் சொல்லப்பட்டது. கியர்பெட்டியில் கோளாறு இருப்பது தெரிந்தும் வாடிக்கையாளர்களை இப்படி நடத்தியது நியாயமற்ற செயல் என்று கண்டு, 2018இல் அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இயல்பு எது, பழுது எது என்று வாங்கியவர் எப்படிப் பிரித்தறிவது? எளிய வழி ஒன்று உண்டு. ஷோரூமில் அதே மாடலின் டெஸ்ட் டிரைவ் வண்டி நிற்கும். சர்வீஸ் அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே சாலையில், அதே வேகத்தில் இரண்டு வண்டியையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். வேறுபட்டால், அந்த வேறுபாட்டை ஜாப் கார்டில் எழுதச் சொல்லவேண்டும். 'ஒன்றும் தெரியவில்லை' என்ற பதில் அதோடு எடுபடாது.

உத்தரவாதம் எதற்கு, எதற்கில்லை

வாரண்டி கையேட்டைப் பெரும்பாலோர் கையுறைப் பெட்டியிலிருந்து எடுப்பதேயில்லை. அதில் நிறுவனம் தரும் வாக்குறுதி குறுகியது: பொருளிலோ வேலைப்பாட்டிலோ குறையுள்ள பாகத்தைப் பழுதுபார்ப்போம் அல்லது மாற்றித் தருவோம். வண்டியை மாற்றித் தருவோம் என்று அது சொல்வதில்லை. டயர், பேட்டரி போன்றவை அவற்றைத் தயாரித்தவர்களின் தனி உத்தரவாதத்துக்குள் போய்விடும். பிரேக் பேட், வைப்பர், ரப்பர் சாமான்கள் தேய்மானக் கணக்கு. ஓட்டத்தைப் பாதிக்காத ஓசையும் அதிர்வும் பல கையேடுகளில் விலக்கப்பட்டிருக்கும். வெளியே ஒயரை வெட்டி ஹாரன், விளக்கு, ரிவர்ஸ் கேமரா பொருத்தியிருந்தால் மின் பாகம் எதற்கும் கைவிரித்துவிட அது போதும்.

இந்தக் குறுகிய வாக்குறுதிக்கு உச்ச நீதிமன்றமே முத்திரை குத்தியிருக்கிறது. மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா என்ற 2006ஆம் ஆண்டு வழக்கில் பிரச்சினை கிளட்ச். முழு வண்டியையும் மாற்றித் தரச்சொன்ன கீழ் அமைப்புகளின் உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒப்பந்தம் பாகத்தை மாற்றுவதைத்தான் பேசுகிறது, அதைத் தாண்டி வண்டியை மாற்றச் சொல்ல இயலாது என்றது. அலைச்சலுக்கு மட்டும் இழப்பீடு தரச் செய்தது. இன்றுவரை நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் முதலில் நீட்டும் தீர்ப்பு இதுதான்.

ஆனால் நீதிமன்றம் எப்போதும் அந்த ஒரே குரலில் பேசவில்லை. பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் மீது ஜோஸ் பிலிப் மாம்பில்லில் தொடுத்த வழக்கில், குறையுள்ள காரைப் புத்தம் புதிது என்று விற்றதே வெட்கக்கேடு, குறையை ஒப்புக்கொள்ளாமல் வழக்காடியது அதைவிட வருத்தத்துக்குரியது என்ற கருத்தில் 2004இலேயே அது கண்டித்திருக்கிறது. ஃபியட் மீது சி.என். அனந்தராம் தொடுத்த வழக்கில், சுயேச்சையான தொழில்நுட்ப வல்லுநர் உற்பத்திக் குறை இருக்கிறது என்று சொன்னால், காரின் விலையோடு ஆயுள் வரியையும் கட்டிய தவணைகளையும் 12 சதவீத வட்டியோடு திருப்பித் தரவேண்டும் என்றது. காற்றுப்பை விரியாத ஹூண்டாய் கிரெட்டா வழக்கில், 2022இல், வண்டியை மாற்றித் தரச்சொன்ன உத்தரவை உறுதிசெய்தது. மோதலின் வேகமும் விசையும் போதவில்லை என்ற வாதத்துக்கு, வாங்குகிறவர் இயற்பியல் நிபுணராக இருக்கவேண்டியதில்லை என்ற பொருளில் பதில் சொன்னது.

இந்தத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு கோடு தெரிகிறது. ஒரு பாகத்தோடு முடியும் பழுதுக்கு வண்டி கிடைக்காது. வண்டியின் உள்ளேயே வேரூன்றிய குறை என்று காட்டமுடிந்தால் பணமோ மாற்று வண்டியோ கிடைக்கும். காட்டவேண்டியவர் வாங்கியவர்.

சுமை யார் தலையில்?

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வாங்குகிறவருக்குச் சில வசதிகளைச் செய்திருக்கிறது. விற்றவர் ஊருக்கு அலையாமல், தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 2 கோடி வரை மாநில ஆணையம். இணையவழியிலும் மனுச் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். குறை நிரூபணமானால் பழுதை நீக்கவோ, வண்டியை மாற்றவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, இழப்பீடு வழங்கவோ ஆணையம் உத்தரவிடலாம்.

இதே சட்டம் பெரிய வரவேற்போடு கொண்டுவந்த 'பொருள் பொறுப்பு' அத்தியாயம் இங்கே உதவும் என்று பலர் எண்ணுகிறார்கள். உதவாது. பொருளால் உயிருக்கோ உடலுக்கோ மற்ற சொத்துக்கோ நேரும் தீங்குக்குத்தான் அது. பொருளுக்கே நேரும் சேதத்தைத் தீங்கு என்ற வரையறையிலிருந்து சட்டம் விலக்கிவிட்டது. பிரேக் செயலிழந்து ஒருவர் காயப்பட்டால் அந்த அத்தியாயம் பேசும். என்ஜின் தானாக நின்று வண்டி வீட்டு வாசலில் கிடந்தால் பேசாது. வழக்கமான குறைபாட்டு மனுதான் வழி.

இன்னொரு பிரிவும் கவனிக்கத்தக்கது. குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக முறை என்று இச்சட்டம் சொல்கிறது. படிக்கும்போது இனிக்கிறது. ஆனால் குறை இருக்கிறது என்பதை யார் முடிவுசெய்வது? நிறுவனம் இல்லை என்கிறது. பேச்சு மறுபடியும் சோதனைக்கே வந்து நிற்கிறது.

சோதித்துத்தான் குறையை அறியமுடியும் என்றால் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெறச் சட்டம் வழி செய்திருக்கிறது. சோப்புக்கும் மருந்துக்கும் அது எளிது. காருக்கு? புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற பெரிய சோதனை மையங்கள் இருக்கின்றன. அவை புதிய மாடல்களுக்குச் சான்றளிப்பதையே முதல் வேலையாகக் கொண்டவை. ஆகவே நடைமுறையில், அரசுப் பாலிடெக்னிக்கின் ஆட்டோமொபைல் துறை ஆசிரியரோ மோட்டார் வாகன ஆய்வாளரோ பார்த்துச் சொல்வதே பல வழக்குகளில் அறிக்கை. ஓடும்போது எப்போதாவது வரும் பழுது அவர் பார்க்கும் அரை மணி நேரத்தில் வராமலே போகலாம். வல்லுநர் அறிக்கை இல்லை என்று தள்ளப்பட்ட மனுக்கள் உண்டு. திரும்பத் திரும்பப் பட்டறைக்குப் போனதே போதிய சான்று என்று ஏற்ற ஆணையங்களும் உண்டு. இரண்டில் எது கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதற்கிடையே மீட்டர் ஏறிக்கொண்டே போகும். இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் என்ன குறை இருக்க முடியும் என்பது எதிர்த்தரப்பின் அடுத்த வாதமாக வரும்.

யார்மீது வழக்கு என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டீலர் வேறு, தயாரிப்பாளர் வேறு. இருவருக்கும் உள்ள உறவு முதலாளி-முகவர் உறவாக இருக்கவேண்டியதில்லை. பழைய வண்டியைப் புதிதென்று டீலர் விற்ற வழக்கில், தயாரிப்பாளருக்குத் தெரிந்தே நடந்தது என்று காட்டாதபோது அவரைப் பொறுப்பாக்க இயலாது என்று 2021இல் டாட்டா மோட்டார்ஸ் தொடர்பான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே உற்பத்திக் குறைக்குத் தயாரிப்பாளரையும், சேவைக் குறைக்கு டீலரையும் தனித்தனியே குற்றம் சுமத்தி இருவரையும் சேர்ப்பதே பாதுகாப்பு. கம்பெனி பெயரில் வாங்கிய காருக்கு நுகர்வோர் உரிமை கிடையாது என்ற பழைய வாதம் ஓரளவு தளர்ந்திருக்கிறது. இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய கார் அந்தக் காரணத்தாலேயே வணிக நோக்கம் ஆகிவிடாது என்று 2024இல் வந்த தீர்ப்பு சொல்கிறது.

மற்ற நாடுகள் போட்ட கணக்கு

அமெரிக்காவில் ஓயாமல் பழுதாகும் புது வண்டியை எலுமிச்சை என்பார்கள். 1982இல் கனெக்டிகட் மாநிலம் கொண்டுவந்த எலுமிச்சைச் சட்டம்தான் இவ்வகையில் முன்னோடி. பிறகு எல்லா மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அதன் பலம் அதன் எண்களில் இருக்கிறது. ஒரே பழுதுக்கு நான்கு முறை முயன்றும் தீரவில்லை, அல்லது மொத்தம் 30 நாள் வண்டி பட்டறையில் கிடந்தது என்றால், நியாயமான வாய்ப்பு தரப்பட்டுவிட்டது என்று சட்டமே அனுமானிக்கும். நுணுக்கமான தொழில்நுட்ப வாதம் தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

பிரிட்டனின் நுகர்வோர் உரிமைச் சட்டம், 2015, காலத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. குறையுள்ள வண்டியை முதல் 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிவிடலாம். அதற்குப் பிறகு, விற்றவருக்குப் பழுதுபார்க்க ஒரு வாய்ப்பு. முதல் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கியபோதே இருந்தது என்று கொள்ளப்படும். இல்லை என்றால் விற்றவர் நிரூபிக்கட்டும். 2012 செப்டம்பரில் சிங்கப்பூர் கொண்டுவந்த சட்டமும் இதே ஆறு மாத அனுமானத்தை வைத்திருக்கிறது; ஐரோப்பிய ஒன்றியம் 2019 வழிகாட்டு ஆணையில் அதை ஓராண்டாக்கியது. தென் கொரியா 2019இல், முக்கியப் பாகங்களில் ஒரே பழுது இரண்டு முறை பார்த்தும் திரும்பினால் மாற்றவோ பணம் கேட்கவோ வழி செய்தது. சீனா 2013 அக்டோபரிலிருந்து, 60 நாள் அல்லது 3,000 கிலோமீட்டருக்குள் பிரேக்கோ ஸ்டியரிங்கோ செயலிழந்தால் வண்டியை மாற்றவேண்டும் என்று விதித்தது.

இவற்றில் எதுவும் வாங்கியவரைக் கண்மூடி நம்பவில்லை. விற்றவருக்கும் தன் பக்கத்தைக் காட்ட இடம் இருக்கிறது. தொடக்கக் காலத்தில் சந்தேகத்தின் பலனை யாருக்குத் தருவது என்பதை மட்டும் முன்கூட்டியே தீர்த்துவைத்திருக்கிறார்கள். வடிவமைப்புப் படமும், சப்ளையர் சோதனைத் தாளும், மற்ற ஊர்களிலிருந்து வந்த புகார்ப் பட்டியலும் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நிரூபிக்கவேண்டும் என்பது இதன் அடிப்படை. இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இன்னும் இல்லை.

திரும்ப அழைத்தல்

நம்மிடம் இருப்பது ரீகால் சட்டம். 2012இல் வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம் தானாக முன்வந்து ஒரு நெறிமுறை வகுத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளில், விற்பனைக்கு ஏற்ப வரையறுத்த எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் அரசே திரும்ப அழைக்க உத்தரவிடலாம். அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை.

தொகுதிப் பழுதுக்கு இது நல்ல மருந்து. 2021 செப்டம்பரில் மாருதி 1,81,754 பெட்ரோல் கார்களை மோட்டார் ஜெனரேட்டர் பாகத்தைச் சோதிக்க அழைத்தது. 2023 ஜனவரியில் காற்றுப்பைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்காக 17,362 கார்களை அழைத்தது. ஆனால் தனி ஒருவரின் வண்டிக்கு மட்டும் வந்த பழுதுக்கு ரீகால் வராது. பாதுகாப்பையோ சுற்றுச்சூழலையோ தொடாத பழுதுக்கும் வராது. ஆகவே ரீகால் சட்டம் இருக்கிறதே என்று எலுமிச்சைச் சட்டத்தைத் தள்ளிப்போடுவது சரியாகாது. ஆனாலும் வாங்கியவருக்கு அதனால் ஒரு பயன் உண்டு: தன் வண்டிக்கு வந்த அதே பழுதுக்கு வேறு நாட்டில் ரீகால் நடந்திருந்தால், அது உற்பத்திக் குறை என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. ஆனால் அத்தகைய ரீகால் தானாக வந்துவிடுவதும் இல்லை: சீனாவில் 2013இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று வெளிக்கொண்டுவந்த பிறகுதான் ஃபோக்ஸ்வாகன் தன் டி.எஸ்.ஜி. கியர்பெட்டிக்காக 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது.

வாங்கியவர் கையில் இருப்பது

சட்டம் மாறும்வரை, சுமையை ஏற்றுக்கொண்டு அதற்குத் தக நடப்பதே வழி. முதல் வாய்ப்பு பதிவுக்கு முன்பே வருகிறது. ஒருமுறை பதிவெண் விழுந்துவிட்டால் ஆயுள் வரியும் காப்பீடும் சேர்ந்துகொள்ளும். வண்டியை மாற்றித் தரும் மனம் டீலருக்குப் பாதியாகிவிடும். எனவே யார்டிலேயே, பதிவுக்கு அனுப்பும் முன், பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பார்க்கவேண்டும். சேசிஸ் எண்ணும் தயாரித்த மாதமும் ஆவணத்தோடு ஒத்துப்போகின்றனவா, டயர்ப் பக்கவாட்டில் வாரமும் ஆண்டுமாக அச்சிட்ட நான்கு இலக்கம் வண்டியின் வயதுக்குப் பொருந்துகிறதா, அடியில் ஒழுகல் இருக்கிறதா, குளிர்ந்த என்ஜின் முதல் சாவியிலேயே பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு மணி நேரம் போதும். நல்ல நேரம் பார்த்து மாலை வாங்கும் அவசரத்தில்தான் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பழுது வந்துவிட்டால் முதல் விதி, தொலைபேசியில் பேசி முடிக்காதிருப்பது. பொருள் விற்பனைச் சட்டம், 1930இன்படி, வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலம் வைத்துக்கொண்டவர் பொருளை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார். ஆகவே முதல் புகாரே எழுத்தில், மின்னஞ்சலில், டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்துப் போகவேண்டும். எப்போது, எந்த வேகத்தில், என்ஜின் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, ஏ.சி. ஓடியதா என்பதோடு மீட்டர் தெரியும் படமும் ஓசை கேட்கும் வீடியோவும் இணைந்திருந்தால் 'தெரியலையே சார்' என்ற பதிலுக்கு இடம் குறைகிறது.

அதைவிட முக்கியம் ஜாப் கார்டு. வாங்கியவர் சொன்ன புகார் அவர் சொன்ன சொல்லிலேயே அதில் ஏறவேண்டும். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதிய ஜாப் கார்டு பிற்பாடு அவருக்கே எதிராகப் பேசும். வண்டி உள்ளே போன நாளும் நேரமும், வெளியே வந்த நாளும் நேரமும், மாற்றிய பாகத்தின் பெயரும் எண்ணும் இருக்கவேண்டும். ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடுகளை அழிக்கும் முன் அச்சிட்டுத் தரச் சொல்லவேண்டும். என்ஜினையே மாற்றினால் என்ஜின் எண் மாறும், ஆர்.சி. புத்தகத்தில் அதைத் திருத்தாமல் விட்டால், விற்கும்போதும் விபத்துக் காப்பீட்டிலும் அது தனித் தொல்லையாகும்.

அட்வைசரிடம் தீராதது வொர்க்ஷாப் மேனேஜரிடமும், அங்கே தீராதது தயாரிப்பாளரின் ஏரியா சர்வீஸ் மேனேஜரிடமும் தீர வாய்ப்புண்டு. நிறுவனத்தின் பொறியாளர் முன்னிலையில் கூட்டு ஓட்டம் வேண்டும் என்று கேட்டுப் பெறுவது நல்லது. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதன் பிறகு வழக்கறிஞர் அறிவிப்பு, கடைசியாக ஆணையம். கோபத்தில் தவணையை நிறுத்துவது மட்டும் கூடாது. கடன் கொடுத்த வங்கிக்கும் கியர்பெட்டிக்கும் சம்பந்தமில்லை. பறிமுதல் நேர்ந்தால் வழக்கின் சாட்சியான வண்டியே கையைவிட்டுப் போய்விடும். கழுதையைப் பூட்டி வண்டியை ஊர்வலம் விடும் காட்சி செய்தித்தாளில் அவ்வப்போது வருகிறது. அது நிறுவனத்தை ஒரு நாள் கூச வைக்கலாம். ஆணையத்தில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

மாற்று வண்டி தருகிறோம் என்று எதிர்த்தரப்பு எழுத்தில் முன்வந்தால் அதை எடைபோட்டுப் பார்க்கவும் தெரியவேண்டும். ஆந்திர வழக்கில் 2012இலேயே புது வண்டி கிடைத்திருக்கும். வட்டியோடு பணம்தான் வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டு விலையாகப் போனது.

மாறவேண்டியது

வாங்கியவர் இவ்வளவும் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் தானே ஆவணக் காப்பாளராகவும் பாதி மெக்கானிக்காகவும் பாதி வழக்கறிஞராகவும் ஆனால்தான் ஒருவருக்குச் சரியான கார் கிடைக்கும் என்பது சந்தை ஒழுங்காக இயங்குவதன் அடையாளம் ஆகாது. இருக்கும் சட்டத்தில் பெரிய மாற்றம்கூடத் தேவையில்லை. முதல் ஆறு மாதத்தில் தெரியவரும் பழுது விற்றபோதே இருந்தது என்ற அனுமானம் ஒன்று. எத்தனை முறை பழுதுபார்த்தபின், எத்தனை நாள் பட்டறையில் கிடந்தபின் மாற்றித் தரவேண்டும் என்ற எண் ஒன்று. ஆணையம் கேட்டால் குறித்த நாளுக்குள் சோதித்துத் தரவேண்டும் என்ற கடமையோடு அரசுச் சோதனை மையங்களுக்கு ஒரு பிரிவும், அந்தச் செலவை முதலில் தயாரிப்பாளர் ஏற்கும் விதியும் மூன்றாவது.

இதனால் பொய்ப் புகார்கள் பெருகும் என்று தொழில்துறை சொல்லக்கூடும். சிங்கப்பூரும் பிரிட்டனும் இந்த அனுமானத்தோடு பல ஆண்டாகக் கார் விற்கின்றன. இங்கே விற்கும் நிறுவனங்களில் பலவும் அங்கேயும் விற்கின்றன. அங்கே சுமந்த பொறுப்பை இங்கே சுமக்க முடியாது என்பதற்கு அவர்கள்தான் காரணம் காட்டவேண்டும்.